முழியன் தின்ற சொற்கள்

அந்த மலையில் இருந்த எதுவும் அந்த மலையில் பிறந்ததில்லை. தேயிலையைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான் வெள்ளைக்காரன், தேயிலைக்கு நிழல் வேண்டுமென்று சில்வர் ஓக் மரத்தை வேறொரு கண்டத்திலிருந்து கொண்டுவந்தான், தேயிலையைக் கிள்ள எங்கள் முன்னோரைத் தாமிரபரணிக் கரையிலிருந்து கொண்டுவந்தான், அவர்களை அடக்க அவர்களிலேயே ஒருவன் கையில் கம்பைக் கொடுத்துக் கங்காணியாக்கிக் கொண்டுவந்தான், அவர்கள் தங்கள் பங்குக்குச் சுடலைமாடன் பீடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்கள். ஆகவே ஆப்பிரிக்கக் காட்டில் இருக்க வேண்டிய ஒரு சிறு பிராணி, அந்த ஆப்பிரிக்காவிலேயே அதுவரை எவன் கண்ணிலும் படாத ஒரு பிராணி, ஓர் ஆடி மாதக் காலையில் தூவக்காடு எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில், வீட்டுக்கு ஒன்றாக உத்தரத்தில் உட்கார்ந்திருந்தபோது, இது எப்படி இங்கே வந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் எப்படி வந்தோம் என்று எங்களை எவனாவது கேட்டானா?

மூடிய கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, உடம்பைவிட நீளமான வால், முகம் முழுக்கக் கண். தேவாங்கு என்றார்கள் சிலர். தேன் விற்க வந்த மலைவாசிக் காணிக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். தேவாங்குக்கு வால் கிடையாது, அது ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் ஒரு பீடியைப் பிடித்து முடித்துவிடலாம், இதுவோ சுவர் விட்டுச் சுவர் தாவுகிறது, இது எங்கள் காட்டுச் சரக்கில்லை என்று சொல்லிவிட்டுத் தேனைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பிறகு நாங்களே முழியன் என்று பெயர் வைத்தோம். பகலெல்லாம் முழியன் தூங்கும். தூங்குவதற்கு முன் இரண்டு காதையும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொள்ளும், ஆகையால் வீட்டில் யார் என்ன பேசினாலும் அதற்குக் கேட்காது. சாயங்காலம் விழித்ததும் உள்ளங்கையில் மூத்திரம் பெய்து இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு ஒரு தாவு தாவும். "எங்க மாமியா சோத்துக்கு முன்னால கை கழுவுனதைவிட இது ஒழுங்காக் கழுவுது" என்றாள் சேர்மக்கனி.

முதலில் கத்தியது சேர்மக்கனி வீட்டு முழியன்தான். அன்று காலை எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் மாசானம், அவன் தாத்தா கம்பு பிடித்த கங்காணி, இவன் தராசு பிடிக்கிறான், சேர்மக்கனியின் கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டு, ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று எடையைக் கழித்துக்கொண்டே போக, அவள் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்தாள், செடி கீறாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள், அடுப்புப் பற்றவைத்தாள். வெளியே வெளிச்சம் மங்கியதும் உத்தரத்தில் இருந்தது விழித்துக் காதை விரித்து, கையைத் தேய்த்து, சேர்மக்கனியின் குரலிலேயே, லைன் முழுக்கக் கேட்கும்படி, "ஏல மாசானம், ஈரம் எலையிலயா இருக்கு, ஒன் தராசுலயா இருக்கு? நாசமாப் போற மூதி!" என்றது.

சேர்மக்கனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் மூடித்தான் இருந்தது.

அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, கீழ் லைன், மேல் லைன். அன்று பகலில் யார் யார் எதை எதைத் தொண்டையோடு நிறுத்திக்கொண்டார்களோ அதையெல்லாம் அவரவர் குரலில் அவரவர் உத்தரம் சொன்னது. டாக்டர் வராத ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னது, அட்டைக்கடிக்கு மருந்து கேட்டால் உப்பைத் தடவு என்ற கம்பவுண்டரைப் பற்றிச் சொன்னது, குடிக்கிற புருஷனைப் பற்றி, சாப்பாட்டில் குறை சொல்கிற புருஷனைப் பற்றி, ஒன்றுமே சொல்லாத புருஷனைப் பற்றிச் சொன்னது. லைன் கோடியில் இருந்த மாசானத்தின் வீட்டிலிருந்துகூட, மேனேஜரிடம் சொல்வதுபோல, அவன் குரல் தழுதழுத்தது: "துரை, நான் பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணுனவன், என்னை எல்லார் முன்னாலயும் டேய்னு கூப்பிடாதீங்க துரை." அதைக் கேட்டுச் சேர்மக்கனி சிரித்த சிரிப்பில் அடுப்பு அணைந்துவிட்டது.

முதல் வாரம் சண்டை. ஒரு நிச்சயதார்த்தம் நின்றது, இரண்டு சகோதரர்கள் பானையைப் பிரித்துக்கொண்டார்கள், கோயில் பூசாரி சாயங்காலத்தில் வீட்டில் தங்குவதையே விட்டுவிட்டார். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு எதுவும் இரண்டாவது வாரம் பழகிவிடும், அதுதான் எங்கள் வியாதி. எஸ்டேட்டில் மூன்று சங்கம், மூன்று கொடி. மூன்று சங்கத்தாரும் முழியன் தங்கள் பக்கம்தான் என்று அதன் கழுத்தில் தங்கள் கொடி நிறத்தில் நூல் கட்டினார்கள், முழியன் மூன்று நூலையும் கடித்துத் துப்பிவிட்டது. அந்த மூன்றில் ஒரு சங்கத்தின் கிளைச் செயலாளர் நான். வாலிபத்திலிருந்து துண்டறிக்கை படித்து, துண்டறிக்கை எழுதி, மழையில் நனைந்த துண்டறிக்கையை அடுப்பின் மேல் காயவைத்து, வாயைத் திற வாயைத் திற என்று இந்த ஜனங்களிடம் தொண்டை கிழியக் கத்தியவன். அத்தனை வருடத்தில் நான் செய்யாததை ஒரு பிடி மயிர் ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று அதன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். என் உத்தரத்தில் இருந்தது எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது. என் மனைவியிடம் மட்டும் சில சொற்களை நான் விழுங்குவதுண்டு. அதை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உலகம்மாள் வீட்டில் இருந்தது அப்படிக்கூடப் பிழைக்கவில்லை.

உலகம்மாள் கொழுந்து கிள்ளுகிறவள், புருஷன் இல்லாதவள், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வருகிற தை மாதம் அவளுக்கு ரிட்டயர்மென்ட். எங்கள் எஸ்டேட்டில் வீடு ஆளுக்குச் சொந்தமில்லை, வேலைக்குச் சொந்தம். வேலை போனால், வீட்டில் வேறு ஒருவர் எஸ்டேட் வேலையில் பேர் பதிந்திருக்காவிட்டால், சாமானைத் தூக்கி வெளியே வைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டும். அவள் பிறந்ததும் அந்த அறையில்தான், அவள் புருஷன் செத்ததும் அந்த அறையில்தான். இறங்கினால் போக ஓர் இடம் அவளுக்குக் கிடையாது. பயப்பட வேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் நாக்குக்கு மாசானமும் ஒன்று, மேனேஜரும் ஒன்று, சுடலைமாடனும் ஒன்று. நினைத்ததை அந்த இடத்திலேயே போட்டு உடைத்துவிடுவாள். அவள் வீட்டு முழியன் ஒரு சாயங்காலம்கூடக் கத்தவில்லை. வாழைப்பழம் வைத்தாள், சில்வர் மரத்துப் பிசின் வைத்தாள், பால் விட்ட தேத்தண்ணி வைத்தாள், என்னத்தைத்தான் திம்பே நீ என்று கெஞ்சினாள். ஒருநாள் காலையில் அது காதைச் சுருட்டியபடியே கீழே விழுந்து கிடந்தது. சௌசௌ பந்தலுக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மண் கையோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"தோழரே, இது திங்கது பழத்தையும் பிசினையும் இல்ல. நம்ம தொண்டையில நிக்கதைத் திங்குது. என் தொண்டையில ஒண்ணும் நிக்காது. பட்டினியாச் செத்துட்டு, பாவம்" என்றாள்.

அவள் சொன்னது பொழுது சாய்வதற்குள் லைன் முழுக்கப் பரவியது. பரவியபின் எங்கள் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேறெந்த ஜனமும் இதைச் செய்யாது. தின்பதற்கு நிறையக் கிடைத்தால் முழியன் கொழுக்கும், கொழுத்த முழியன் சத்தமாகக் கத்தும், ஆகவே இன்னும் நிறைய விழுங்குவோம் என்று முடிவு செய்தார்கள். அதுவரை கொஞ்சநஞ்சம் முணுமுணுத்தவர்களும் வாயை மூடினார்கள். எடையைக் கழித்தால் மூடினார்கள், தண்ணீரை நிறுத்தினால் மூடினார்கள், காய்ச்சலோடு மலைச்சரிவில் நிற்கவைத்தால் இது என் முழியனுக்கு என்று உள்ளுக்குள் சேர்த்துவைத்தார்கள். குழாயடியில் யார் வீட்டு முழியன் பெரிது என்று போட்டி. சேர்மக்கனி வீட்டுடையது பூனைக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது, அவளுக்கு அதில் பெருமை. காலை மஸ்டரில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில், முன்பெல்லாம் ஒரு சத்தமாவது இருக்கும். இப்போது தேயிலைச் செடிகள் நிற்பதுபோல நின்றார்கள். மேனேஜர் ரத்னசிங், நாங்கள் துரை என்று கூப்பிடுகிறவர், முதலில் பயந்து போனார், அப்புறம் வழி கண்டுபிடித்தார். வெளிச்சம் மங்குவதற்கு முன் பங்களாவுக்குள் போய் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். எஸ்டேட் வரலாற்றிலேயே இப்படி அமைதி இருந்ததில்லை என்று கம்பெனிக்குச் சொன்னார். பொய்யில்லை.

"நாக்கைக் கொண்டுபோய் உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டுட்டியே சேர்மக்கனி" என்று நான் கேட்டேன்.

"நீங்க மட்டும் எங்களுக்காகக் கத்தலையா அண்ணாச்சி? அது மாதிரிதான் இதுவும். இதுக்குச் சந்தாகூடக் கிடையாது" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து விஞ்ஞானி இளம்பரிதி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து சேர்ந்தார். இந்தக் குடும்பத்துப் பிராணிகள் ஆப்பிரிக்காவைத் தவிர வேறெங்கும் கிடையாது என்றார், இருட்டில் வாழ்கிறவை, பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், ஒன்றையொன்று குரலை வைத்துத்தான் அறிந்துகொள்ளும், அறிவியலும் குரலை வைத்துத்தான் இனம் பிரிக்கும், குரல் வேறானால் இனம் வேறு என்றார். சேர்மக்கனி வீட்டில் மைக்கை வைத்தார். அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே பதிவு செய்தார். ஒரு சாயங்காலம் முழியன் அவர் தலைக்கு மேலே உட்கார்ந்து, "வந்த நாள்லேருந்து திங்கானே, வீட்டுல அரிசி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டானா இந்த ஆளு?" என்றது. அவர் தலையை ஆட்டி, அருமை என்று சொல்லி, கருவியில் ஏதோ ஒரு திருகைத் திருகினார்.

"அது என்ன சொல்லுதுன்னு உங்களுக்குப் புரியுதா?" என்று நான் கேட்டேன்.

"புரியுது சார். நானும் தமிழ்தானே. ஆனா ஆய்வுக்கு அர்த்தம் தேவையில்லை, அலை மட்டும் போதும்" என்று திரையில் ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டினார். சேர்மக்கனியின் பசி அதில் அழகான மலைத்தொடர்போல இருந்தது.

புதிய இனம் என்று உலகம் ஒத்துக்கொண்டது. கம்பெனி முதலாளியின் பெயரோடு ஒரு லத்தீன் வாலை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் உத்தரத்தில் இருந்ததற்கு எங்களைக் கிள்ளித் தின்றவன் பெயர். பெயர் வைத்த கையோடு கம்பெனிக்குப் பிராணிகள்மேல் அன்பு பொங்கியது. ஒருநாள் காலை மஸ்டரில் மேனேஜர் ஒரு மேஜைமேல் ஏறி நின்று, உலகத்தில் வேறெங்குமே இல்லாத இந்த அரிய உயிரினம் லைன் வீடுகளைத்தான் வாழிடமாகக் கொண்டிருக்கிறது, மனித நடமாட்டம் அதற்கு இடைஞ்சல், எனவே லைன் பூராவும் சரணாலயமாகிறது, மார்கழிக்குள் எல்லோரும் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சமவெளிக்கு இறங்க வேண்டும் என்றார். ஐந்து தலைமுறையாக இருந்தவர்களுக்கு இல்லாத உரிமை ஆடி மாதம் வந்த குரங்குக்குக் கிடைத்தது.

நான் ஜனங்களைப் பார்த்தேன். எல்லோர் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்கள். இதையும் விழுங்கிவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கொழுந்து கிள்ளப் போனார்கள்.

உலகம்மாள் அன்று மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நானும் வேறு இரண்டு பேரும் மட்டும் மேனேஜரிடம் கத்தினோம். மூன்று பேர் கத்துவது கம்பெனிக்குக் கொசு.

அன்று சாயங்காலம் முழியன்கள் கத்திய கத்தலில் சில்வர் மரங்களிலிருந்து இலை கொட்டியது, மஸ்டர் ஆபீஸ் கண்ணாடி விரிசல் விட்டது, குழந்தைகள் அழாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எங்க வீடு, எங்க வீடு, எங்க வீடு என்று மலை முழுக்க ஒரே குரல். மேனேஜர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். விஞ்ஞானி சந்தோஷத்தில் வியர்த்துப்போய் எல்லாவற்றையும் பதிவு செய்தார். மறுநாள் காலை முழியன்கள் தாவ முடியாத அளவுக்குக் கொழுத்து உத்தரத்தில் பிதுங்கிக் கிடந்தன.

அந்தக் காலையில் குழாயடியில் உலகம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஏளா சேர்மக்கனி, ஒன் வீட்டை ஒன் கொரங்குக்கு எழுதி வச்சிட்டியாமே, நல்லாருக்கா அது?"

"அது எப்படிக் கத்துச்சு தெரியுமாக்கா? மலையே ஆடிட்டு."

"கத்துனதை எவன் கேட்டான்?"

சேர்மக்கனி தன் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினாள்.

"சொல்லுளா. எவன் கேட்டான்? நீ கேட்ட, நான் கேட்டேன், இந்தா இவ கேட்டா. நமக்குத் தெரியாததையா அது சொல்லுது? அவன் ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருக்கான். ஜன்னலைச் சாத்த முடியாத நேரத்துல, பகல்ல, அவன் மூஞ்சி நம்ம மூஞ்சிக்கு நேரா இருக்கையில சொல்லணும்ளா."

"சொன்னா வீட்டை விட்டுத் தொரத்திருவானேக்கா?"

"இப்ப என்ன, வெத்தல பாக்கு வச்சா கூப்பிட்டிருக்கான்?"

இத்தனை வருடம் துண்டறிக்கை எழுதிய எனக்கு இதில் சேர்க்க ஒரு வரியும் இல்லை. அப்போது இளம்பரிதி வந்து, தலைநகரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், சாயங்காலம் குரலைத் தன் காதால் கேட்டபிறகுதான் சரணாலயத்துக்குக் கையெழுத்துப் போடுவார், அன்று எல்லோரும் அமைதியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உலகம்மாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "குரல் இல்லாட்டி?" என்றாள். குரல் இல்லாவிட்டால் இத்தனை பதிவைக் காட்டினாலும் கையெழுத்து விழாது அம்மா என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அதிகாரி வரும் நாளில் காலை மஸ்டரில் உலகம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்து மேனேஜர் முன்னால் நின்றாள். "துரை, நான் வீட்டைக் காலி பண்ண மாட்டேன். மார்கழியிலயும் பண்ண மாட்டேன், தையிலயும் பண்ண மாட்டேன். என்னைத் தூக்கித்தான் வெளியே போடணும், நான் கனம் ஜாஸ்தி, நாலு ஆளு கூட்டிட்டு வாங்க" என்றாள். அவள் எப்போதும் பேசுகிறவள், அதனால் மேனேஜர் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் சேர்மக்கனி வந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள், வாயைத் திறந்தாள், காற்று வந்தது, மூடினாள், மறுபடி திறந்தாள். "மாசானம். ஈரம் எலையிலயா இருக்கு, ஒன் தராசுலயா இருக்கு?" அவள் உத்தரம் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான், பகல் வெளிச்சத்தில், அவள் வாயிலிருந்து, மாசானத்தின் கண்ணைப் பார்த்து வந்தபோது அவன் தராசுக் கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. கொழுந்துக் கூடைகள் தரையில் கிடந்தன. ஒருவர் பேசி முடிப்பதற்குள் ஒருவர் பேசினார்கள், மேனேஜரிடம் பேசினார்கள், கம்பவுண்டரிடம் பேசினார்கள், பூசாரியிடமும் புருஷனிடமும் மூன்று சங்கத் தலைவர்களிடமும் பேசினார்கள். என்னிடமும் வந்தார்கள், வரிசையில் நின்று வந்தார்கள். அண்ணாச்சி, நீங்க பேச ஆரம்பிச்சா எங்களுக்குக் கொட்டாவி வருது என்றான் ஒருவன். உன் கொட்டாவிக்காக நான் ஜெயிலுக்குப் போனேனடா நாயே என்றேன். இரண்டு பேருக்கும் நெஞ்சு லேசாயிற்று. மேனேஜர் மட்டும் பேசவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் தொண்டை ஏறி இறங்கியது, போனில் முதலாளி கத்தியதற்கும் ஏறி இறங்கியது. பொழுது சாயும்போது எங்களில் ஒருவருக்கும் குரல் இல்லை, ஒருவர் தொண்டையிலும் ஒரு மிச்சமும் இல்லை. ஒரே பகலில் இளைத்துப்போன முழியன்கள் விழித்தன, காதை விரித்தன, உத்தரத்தை முகர்ந்து பார்த்தன, கையைத் தேய்த்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சில்வர் மரங்கள் வழியே மேலே தாவிப் போயின.

பங்களா முற்றத்தில் லைனைப் பார்த்து நாற்காலி போட்டுப் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மேனேஜர், மைக்கோடு இளம்பரிதி. நாங்கள் கீழே நின்றோம். லைனிலிருந்து சத்தமே இல்லை. ஒரு வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அவருக்குப் பின்னால், பங்களாக் கூரைமேல், பசித்த அத்தனை முழியன்களும் காதை விரித்தன.

"முதலாளி, இவங்களை இறக்கிட்டா தோட்டம் இல்லை, தோட்டம் இல்லேன்னா நான் எதுக்கு?" என்றது மேனேஜரின் குரல். "சரணாலயம்னு சொல்லிட்டு ரிசார்ட்டுக்குப் படம் போட்டு வச்சிருக்கீங்க, அதுல என் பங்களா இருக்கிற இடத்துல நீச்சல் குளம் இருக்கு முதலாளி, அதைப் பார்த்துட்டும் இவங்ககிட்ட வாயை மூடிட்டு நிக்கிறேன்." மேனேஜர் எழுந்து கையை ஆட்டினார், அவர் வாய் மூடித்தான் இருந்தது. உடனே இன்னொரு குரல், இளம்பரிதியினுடையது: "எல்லாம் புரிஞ்சது. முதல் நாளே புரிஞ்சது. அரிசி இருக்கான்னு கேட்டிருக்கணும்." மூன்றாவதாக, அதிகாரியின் நாற்காலிக்கு மேலிருந்த கிளையில் ஒன்று வந்து உட்கார்ந்து அவருடைய கனத்த குரலிலேயே, "மேலேருந்து போன் வந்தப்பவே எனக்குத் தெரியும், இதுல யாருக்கு என்ன..." என்று தொடங்கியது. அது முடிப்பதற்குள் அதிகாரி காரில் இருந்தார். கையெழுத்து விழவில்லை. இறங்கிய கார்களின் கூரைமேல் முழியன்கள் வரிசையாக உட்கார்ந்து போவதைப் பார்த்தோம். இரை எங்கே அதிகம் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

மார்கழி வந்தது, யாரும் இறங்கவில்லை. பங்களாக் கூரையில் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. சாயங்காலங்களில் அது அழுவது லைன்வரை கேட்கும். பாவம் என்று சிலர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

தை பிறந்ததும் உலகம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மேனேஜர் மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"சொல்லிருங்க துரை. இப்பச் சொல்லாட்டி சாயங்காலம் ஊரே கேக்கும்" என்றாள்.

அவர் கூரையைப் பார்த்தார். "சாவியை வாங்கணும்னு ரூல். வாங்க எனக்கு வாய் வரலை" என்றார். அந்த மனுஷர் பகலில் சொன்ன முதல் உண்மை அது.

"நான் குடுக்கிறதா இல்லை" என்றாள் உலகம்மாள். அவ்வளவுதான். சாவி அவள் இடுப்பிலேயே இருக்கிறது, அவள் அந்த அறையிலேயே இருக்கிறாள், முழியன் உட்கார்ந்திருந்த உத்தரத்தில் இப்போது அவளுடைய படங்குச் சாக்கு காய்கிறது.

இன்று காலை இளம்பரிதி எனக்குப் போன் செய்தார். ஆய்வு பாதியில் நிற்கிறது, லைனில் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இங்கே அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை, உங்கள் ஆபீஸ் கூரையில் பாருங்கள் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன், எதையும் மிச்சம் வைக்கவில்லை. பதில் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

நல்லது. அவர் கூரையில் இருப்பது இன்றைக்குப் பட்டினி கிடக்காது.